வால் மடலில் ஒரு வெட்டு

நுழையும்முன்

குமரி மாவட்டத்துக் குளச்சலில் மீனவர் குடும்பத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், தம் 72ஆம் வயதில் அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் ஐந்து நாள்கள் பயணம் செய்கிறார். அங்குள்ள மீனவர்களின் வழக்கம் ஒன்று, 16 வயதில் தாம் செய்த ஒரு வேலையை அவருக்கு நினைவூட்டுகிறது. அப்பயணத்தைப் பற்றியது இக்கட்டுரை.

வாயிலில் நின்ற வீடு

பாஸ்டன் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், மகள் வீட்டு வாயிலில் வந்து நின்ற ஊர்தியைப் பெரியவர் இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். நீளம் 25 அடி. நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிறுத்தப்படும் கேரவனைக் கண்டவர்களுக்கு அதன் வெளித்தோற்றம் புதிதாக இராது. உள்ளே சென்றால்தான் வியப்பு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண்போல் ஒரு படுக்கை. உணவு மேசையை மடக்கினால் இன்னொரு படுக்கை. எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, நின்று குளிக்க ஒரு சிற்றறை. நன்னீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு மற்றொன்று எனத் தரைக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஆர்.வி. என்னும் இரண்டு எழுத்துகளால் அந்நாட்டார் இதனைச் சுட்டுகின்றனர். வாடகைக்கும் கிடைக்கிறது.

“கட்டுமரத்தில் இவ்வளவு வசதியும் இருந்திருந்தால் எங்கள் அப்பா கரைக்கே வந்திருக்க மாட்டார்” என்றார் பெரியவர்.

அவருடைய துணைவியார் அடுப்பை மட்டும் பார்த்தார். ஊரிலிருந்து துணிமணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த மண்சட்டி அதன்மேல் அசையாமல் உட்காருகிறதா என்று சரிபார்த்தார். புளி, மிளகாய்த்தூள், உறைய வைத்த தேங்காய்த் துருவல் ஆகியவற்றைப் பேரனிடம் கொடுத்து உள்ளே அடுக்கச் செய்தார். மருமகன் ஓட்ட, வீடு நகர்ந்தது.

அமெரிக்காவின் முதலாம் எண் நெடுஞ்சாலை, வடகோடியில் மெய்ன் மாநிலத்தின் ஃபோர்ட் கென்ட் என்னும் ஊரையும் தென்கோடியில் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவையும் இணைப்பது. நீளம் ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். அதில் மெய்ன் மாநிலக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் பகுதிதான் இவர்கள் தேர்ந்தெடுத்த வழி. நேர்கோட்டில் அளந்தால் அம்மாநிலத்தின் கடற்கரை 370 கிலோமீட்டர் அளவே இருக்கும். ஆனால், ஒவ்வொரு குடாவின் உள்வளைவையும் தீவின் விளிம்பையும் சேர்த்து அளந்தால் 5,600 கிலோமீட்டரை எட்டும் என்பர். பனியூழிக் காலத்தில் அந்நிலத்தை அழுத்திக்கொண்டு கிடந்த பெரும் பனிப்பாளங்கள் பாறைகளைக் குடைந்து பள்ளத்தாக்குகளை ஆழப்படுத்தின. பனி உருகியபோது கடல் அவற்றுக்குள் புகுந்தது. பள்ளத்தாக்குகள் குடாக்களாயின, குன்றுகளின் தலைகள் தீவுகளாயின. குளச்சல் முதல் முட்டம் வரை மணலும் பாறையுமாக விரிந்து கிடக்கும் கரையையே கண்டு வளர்ந்த பெரியவருக்கு, சாலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் தோன்றி மறைவது வேடிக்கையாக இருந்தது. “கடல் நம்மோடு ஒளிந்து விளையாடுகிறது” என்று பேரனிடம் கூறினார்.

முதல்நாள் போர்ட்லாந்து முனைக் கலங்கரை விளக்கம். ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1791ஆம் ஆண்டு சனவரியில் முதன்முதலாக ஒளியேற்றப்பட்டது அது. வெண்ணிறக் கோபுரம், செந்நிறக் கூரையிட்ட காவலர் இல்லம், கீழே அடுக்கடுக்கான கரும்பாறை. ஒளிப்படங்களில் அதைக் காணாதவர் குறைவு. அதனாலேயோ என்னவோ, நேரில் கண்டபோது எவரும் நெடுநேரம் நிற்கவில்லை.

நீர் விலகிய வழி

இரண்டாம் நாள் மாலை, மவுண்ட் டெசர்ட் தீவை அடைந்து முகாம் திடலில் வண்டியை நிறுத்தினர். திடலில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம். மின்சாரத்துக்கும் நீருக்கும் இணைப்பு. ஓர் ஓரத்தில் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடும் இடம். இப்பயணத்தைப் பற்றி எழுதுவோர் அந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. மருமகன் கையுறை அணிந்து, தடித்த குழாயைப் பொருத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதனைச் செய்து முடித்தார். பேரன் தொலைவில் நின்று அறிவுரை வழங்கினான்.

அத்தீவின் ஏறத்தாழப் பாதி அகாடியா தேசியப் பூங்கா. 1916இல் தேசிய நினைவிடமாகவும் 1919இல் வேறொரு பெயரில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதி, 1929இல் இன்றைய பெயரைப் பெற்றது. இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. பாறை முடியும் இடத்திலேயே ஊசியிலைக் காடு தொடங்கிவிடுகிறது. பெரிய வண்டியைத் திடலிலேயே விட்டுவிட்டு, பூங்காவுக்குள் கட்டணமின்றி ஓடும் பேருந்தில் சென்றனர். இடிமுழக்கக் குகை என்னும் ஓரிடத்தில், குறுகிய பாறைப் பிளவுக்குள் புகும் அலை உள்ளே அடைபட்ட காற்றை அழுத்தி, இடிபோல் ஒலி எழுப்பி, நீரை மேலே வீசுகிறது. முட்டத்துப் பாறைகளில் நின்று மழைக்காலத்து அலைகளைப் பார்த்தவருக்கு அது பெரிய செய்தியன்று. பேரன்தான் நான்கு முறை நனைந்தான்.

பெரியவரை நிறுத்தி வைத்தது வேறொரு காட்சி. பார் ஹார்பர் ஊருக்கு எதிரே ஒரு சிறு தீவு உண்டு. நீரேற்றத்தின்போது இடையில் கடல். படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். நீர் வற்றும்போது அதே இடத்தில் சரளைக்கல் திட்டு ஒன்று சாலைபோல் எழுந்து வருகிறது. மூன்று மணி நேரம் அளவுக்கு மக்கள் அதன்மேல் நடந்து தீவுக்குச் சென்று திரும்புகின்றனர். நேரத்தை மறந்தவர்கள் அடுத்த வற்றம் வரை தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அங்கு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் மூன்று மீட்டர் அளவு மாறுகிறது. குமரிக் கடலிலோ அது ஒரு மீட்டரைக்கூட எட்டாது. திட்டின் நடுவே நின்று, காலடியில் கிடந்த பாசியையும் மட்டியையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “சற்றுமுன் இங்கே மீன் நீந்தியிருக்கும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

சட்டியும் கொப்பரையும்

உணவைப் பற்றிச் சொல்லவேண்டும். மெய்ன் கரையோரத்தில் சவுடர் என்று ஒரு வகைக் குழம்பு உண்டு. மட்டிச் சதை, உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றியிறைச்சித் துண்டு ஆகியவற்றைப் பாலிட்டுக் கொதிக்க வைப்பது. குளிர்க்கடலில் உழைத்துத் திரும்புவோரின் உடலைச் சூடேற்றுவதற்கு ஏற்ற உணவு. பெரியவரின் துணைவியார் இரண்டு கரண்டி உண்டு பார்த்து, “காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம்” என்று தீர்ப்பளித்தார். மறுநாள், துறைமுகக் கடையில் ஹேடாக் என்னும் வெண்சதை மீனை வாங்கித் தேங்காய் அரைத்துவிட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தார். மணம் வண்டியின் சன்னல் வழியே திடலெங்கும் பரவ, அடுத்த வண்டிக்காரர் கையில் ரொட்டியோடு வந்து நின்றார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கப்பட்டது. கண்ணில் நீர் வழிய அவர் அதை முழுவதும் உண்டு முடித்தார்.

ஆயினும், அக்கரையின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது லாப்ஸ்டர். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலின் உறவினம் எனலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் சிங்கிக்கு நீண்ட முள்மீசைகளே படைக்கலம், கொடுக்கு கிடையாது. மெய்ன் சிங்கிக்கோ இரண்டு பெருங்கொடுக்குகள் உள்ளன. ஒன்று தடித்தது, ஓட்டை நொறுக்குவதற்கு. மற்றொன்று மெலிந்தது, சதையை வெட்டுவதற்கு. உயிரோடு இருக்கும்போது கரும்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், வெந்தபின் சிவப்பு. சிவப்பு நிறமி முன்பே ஓட்டில் உள்ளதுதான். புரதம் ஒன்று அதனைப் பிணைத்து நிறத்தை மறைத்து வைத்திருக்கிறது. வெப்பத்தில் புரதம் சிதைய, நிறமி விடுபட்டுச் சிவப்பாகத் தோன்றுகிறது.

தீவுக்குச் செல்லும் பாலத்துக்கு முன்பாகச் சாலையோரக் கடைகளில் விறகடுப்பு மூட்டி, பெரிய கொப்பரைகளில் கடல்நீரையே கொதிக்க வைத்துச் சிங்கிகளை வேகவைத்தனர். அவித்த சோளக்கதிரும் உருக்கிய வெண்ணெயும் உடன் வந்தன. ஆகஸ்டு மாதம் சிங்கிகள் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு போர்த்தியிருக்கும் காலம். புது ஓட்டுக்காரியில் சதை குறைவு, ஆனால் சுவை மிகுதி என்பது உள்ளூர்க்காரர் கருத்து. மருமகனும் பேரனும் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஓட்டை உடைத்தனர். பெரியவர் சோளக்கதிரை மட்டும் உண்டார்.

“தாத்தா, நீங்கள் மீன்காரர் வீட்டுப்பிள்ளைதானே?” என்றான் பேரன்.

“மீன் சாப்பிடுவேன். சிங்கி சாப்பிடுவதில்லை.”

“ஏன்?”

அதற்கு விடை வரவில்லை. திருமணமாகி 45 ஆண்டுகளாகத் துணைவியாரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. குளச்சலில் சிங்கி விலைபோகும் பண்டம். வீட்டில் சமைப்பது அரிது. ஆகவே, அவர் உண்ணாததை எவரும் பொருட்படுத்தவில்லை.

படகில்

நான்காம் நாள், திரும்பும் வழியில் டியர் தீவுக்குச் சென்றனர். 1939இல் திறக்கப்பட்ட குறுகிய தொங்குபாலம் ஒன்று அத்தீவை நிலத்தோடு இணைக்கிறது. செங்குத்தாக ஏறி இறங்கும் அப்பாலத்தில் 25 அடி வண்டியை ஓட்டி முடிக்கும்வரை மருமகன் ஒரு சொல்லும் பேசவில்லை. தீவின் தென்முனையில் உள்ள ஸ்டோனிங்டன், மெய்ன் மாநிலத்தில் சிங்கி மிகுதியாக இறங்கும் துறைமுகம். அங்கு ஒரு மீனவர் பயணிகள் சிலரைத் தம் படகில் ஏற்றிச் சென்று, கூடு இழுப்பதைக் காட்ட இசைந்தார். அவர் குடும்பத்தில் நான்காம் தலைமுறையாக இத்தொழில் செய்பவர். வயது நாற்பதுக்குள் இருக்கும்.

துறைமுகத்தைத் தாண்டியதும் நீர்ப்பரப்பெங்கும் மிதவைகள். பச்சையும் வெள்ளையும், மஞ்சளும் கறுப்பும், சிவப்பில் நீலக்கோடும் என ஒவ்வொரு மீனவருக்கும் உரிய நிறம் வேறு. அந்நிறத்தைப் படகிலும் காட்டியிருக்க வேண்டும். பிறர் மிதவையைத் தொடுவது குற்றம்.

மீனவர் தம் மிதவையைக் கொக்கியால் இழுத்து, கயிற்றை உருளையில் சுற்றினார். கம்பிவலைக் கூடு ஒன்று நீர் சொட்ட மேலே வந்தது. உள்ளே இரண்டு அறைகள். இரையாக ஹெர்ரிங் மீன் தொங்கும் முதலறைக்குச் ‘சமையலறை’ என்றும், சிங்கி பின்னர் நுழைந்து சிக்கிக்கொள்ளும் அடுத்த அறைக்கு ‘வரவேற்பறை’ என்றும் பெயராம். “நம் வண்டியைப் போலவே!” என்று பேரன் கைதட்டினான். நுழைந்தவை எல்லாம் சிக்குவதில்லை. பெரும்பாலானவை இரையைத் தின்றுவிட்டு வந்த வழியே சென்றுவிடுவதை நீரடி ஒளிப்படக் கருவிகள் காட்டியுள்ளன. குஞ்சுகள் வெளியேறுவதற்கென்றே கூட்டில் ஒரு சிறு திறப்பு விடப்பட்டிருக்கிறது. கூடு கடலில் தொலைந்துபோனால், அதில் ஒரு பகுதி நாளடைவில் மக்கி வழிவிடவும் ஏற்பாடு உண்டு.

பெரியவர் கூட்டை நெருங்கி நின்று பார்த்தார். பனை நாரும் குச்சியும் கொண்டு தம் தந்தை பின்னிய கூடு அவர் நினைவில் வந்திருக்க வேண்டும். வாசல் உட்புறமாகக் குறுகும் அமைப்பை விரலால் தடவி, “இதுவும் அதுதான்” என்றார்.

கூட்டில் ஐந்து சிங்கிகள் இருந்தன. மீனவர் இடுப்பிலிருந்து ஒரு பித்தளை அளவுகோலை எடுத்தார். கண்குழியிலிருந்து முதுகோட்டின் பின்விளிம்பு வரை அளக்க வேண்டும். மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் குஞ்சு. ஐந்து அங்குலத்துக்கு மிகுந்தால் நல்ல இனவிருத்தி செய்யும் மூத்த விலங்கு. இரண்டையும் கடலில் விட்டுவிட வேண்டும். விற்கத் தகுந்த அளவை எட்டச் சிங்கிக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார் அவர். முதல் மூன்றும் குஞ்சுகள்; ஒன்றன்பின் ஒன்றாக நீரில் விழுந்தன. நான்காவது தேறியது, அதன் கொடுக்குகளுக்கு ரப்பர் வளையம் மாட்டித் தொட்டியில் இட்டார்.

ஐந்தாவதைப் புரட்டிக் காட்டினார். வாலின் அடிப்புறம் முழுவதும் கரும்பச்சை மணிகள், நாவற்பழச் சாற்றில் நனைத்த கேழ்வரகைப் போல் அப்பியிருந்தன. முட்டைகள். ஒன்பது முதல் பதினொரு மாதங்கள் தாய் அவற்றைச் சுமக்கும். சிறிய தாயே ஏறத்தாழ 8,000 முட்டைகளைச் சுமக்கிறது. ஆனால் வளர்ந்து பெரிதாவன மிகச் சிலவே.

மீனவர் அதை அளக்கவில்லை. சிங்கியின் வால்நுனியில் விசிறிபோல் ஐந்து மடல்கள் உண்டு. நடு மடலுக்கு வலப்புற மடலில், சிறு கருவியால் ‘வி’ வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். அவ்வளவுதான். அந்த வெட்டு உள்ள பெண் சிங்கியை, பிறகு முட்டை இல்லாத காலத்தில் பிடித்தாலும், விற்கும் அளவில் இருந்தாலும், எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மூன்று முறை ஓடு கழற்றிய பின்னும் அடையாளம் மறையாது. இது தாயாகும் என்று முதலில் கண்ட மீனவர், தாம் அறியாத அடுத்த மீனவருக்கு எழுதி அனுப்பும் கடிதம் அது.

“இதனால் உங்களுக்கு இழப்பு இல்லையா?” என்று கேட்டார் பெரியவர்.

“இருக்கிறது. ஆனால், ஐயா, என் கூட்டில் இன்று வந்த நான்கிலும் என் தாத்தா விட்டுவிட்ட ஒன்றின் பங்கு இருக்கலாம்” என்றார் மீனவர். பிறகு பெரியவரின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, “நீங்கள் விடுகிறீர்களா?” என்று சிங்கியை நீட்டினார்.

பெரியவர் முதுகோட்டை இரு விரல்களால் பற்றி வாங்கினார். பிடித்த பிடியில் பழக்கம் தெரிந்தது, மீனவர் தலையசைத்தார். படகின் விளிம்பில் குனிந்து, எறியாமல், நீருக்குள் கையை முழங்கை வரை விட்டு மெல்லத் திறந்தார். ஆகஸ்டு மாதத்திலும் அக்கடல் நீர் எலும்பைக் குத்தும் குளிர். கையை வெளியே எடுக்க அவர் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

1967

அன்றிரவு மீன்சட்டி அடுப்பில் இருக்க, மழை வண்டியின் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. பேரன் பரணில் உறங்கிவிட்டான். பெரியவர் மகளை அழைத்தார். பெற்ற பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் ‘மக்களே’ என்றழைப்பது குமரி மாவட்டத்து வழக்கம்.

“மக்களே, காலையில் பையன் ஒன்று கேட்டானே” என்று தொடங்கினார்.

1967ஆம் ஆண்டு. அவர் பள்ளியிறுதித் தேர்வில் தேறி, புகுமுக வகுப்பில் சேரவேண்டிய வாரம். கட்டணம் செலுத்த மூன்று நாள்களே இருந்தன. சிங்கி வாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு வாலை மட்டும் உறைய வைப்பார்கள். அவை கப்பலேறி அமெரிக்கா வரை சென்றன. அவ்வாரம் அலைகடுமையால் கட்டுமரங்கள் செல்லவில்லை. மூன்றாம் நாள் விடியலில் அவர் தந்தை தனியாகச் சென்று, கூட்டில் விழுந்த மூன்று சிங்கிகளோடு திரும்பினார். அவற்றுள் பெரியது முட்டைக்காரி.

கரையில் ஓலைப்பந்தலின் கீழ்த் தராசோடு அமர்ந்திருந்த வணிகர், “முட்டைக்கெல்லாம் காசு கிடையாது, சுரண்டிவிட்டுக் கொண்டு வா” என்றார். முட்டைச் சிங்கியைக் கடலில் விட்டுவிடும் பழக்கம் அவ்வூரில் சில முதியவர்களுக்கு இருந்தது. அவர் தந்தையும் முன்பு ஒருமுறை விட்டதுண்டு. அன்று அவர் சிங்கியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு அதை மகனிடம் நீட்டி, “மக்களே, நீ செய்” என்று சொல்லிவிட்டு, கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்ப்பதுபோல் மறுபுறம் திரும்பிக்கொண்டார்.

தேங்காய் நாரைச் சுருட்டி, 16 வயதுச் சிறுவன் அதைச் சுரண்டினான். நம் சிங்கியின் புது முட்டைகள் கரும்பச்சையல்ல, செம்மஞ்சள் நிறம். ஓர் இலட்சத்துக்கும் மிகுதியாக இருக்கும். விரலிடுக்குகளில் ஒட்டிக்கொண்டவை மணலில் தேய்த்தும் எளிதில் போகவில்லை. சிங்கியின் சின்னஞ்சிறு வால்கால்கள், முட்டைக்குக் காற்றோட்டம் கொடுப்பதுபோல், வெறுமையாகிவிட்ட பின்னும் அசைந்துகொண்டிருந்தன. வணிகர் கொடுத்த பணத்தை எண்ணாமலேயே தந்தை மகனின் சட்டைப்பையில் வைத்தார். அன்று மாலையே கட்டணம் செலுத்தப்பட்டது.

“அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன், அந்தப் படிப்பில்தான் நீ இங்கே வந்தாய். தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடவும் வாய் வரவில்லை” என்றார் பெரியவர்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. துணைவியார் எழுந்து அடுப்பின் தீயைக் குறைத்தார்.

மீதி

மெய்ன் மீனவர் பிறவியிலேயே அறவோர் என்று எண்ணிவிடக் கூடாது. பிறர் எல்லைக்குள் கூடு போட்டவரின் கயிற்றை இரவோடிரவாக அறுத்துவிடும் சண்டைகள் அங்கு உண்டு. அவர்களோடு பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் ஜேம்ஸ் அச்செசன், 1988இல் வெளியிட்ட நூலுக்கு ‘மெய்னின் சிங்கிக் கும்பல்கள்’ எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துத் தாமே காவல் செய்து காக்க முடியும் என்பதை ஆராய்ந்து நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். ஒருவருக்கு 800 கூடுகளே, இழுவலையால் பிடித்த சிங்கியைக் கரை இறக்கக் கூடாது, கோடையில் ஞாயிற்றுக்கிழமை கூடு இழுக்கக் கூடாது என்பன போன்ற விதிகள், கரையில் உள்ள எல்லார் கண்ணும் எல்லார்மேலும் இருப்பதால் நடைமுறையில் நிற்கின்றன.

அளவுகோலும் வெட்டும் மட்டுமே அக்கடலை நிறைத்தன என்பதும் முழு உண்மையன்று. 1980களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி கிலோவாக இருந்த மெய்ன் சிங்கிப்பாடு, 2016இல் ஆறு கோடி கிலோவை எட்டியது. சிங்கிக் குஞ்சுகளைத் தின்னும் காட் மீன், அளவின்றிப் பிடிக்கப்பட்டு அருகிப்போனதும் அதற்கொரு காரணம். வடக்கே நியூஃபவுண்ட்லாந்தில் 1992இல் காட் மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டபோது 30,000 பேர் அளவுக்குத் தொழில் இழந்தனர். கடல் வெப்பம் ஓரளவு உயர்ந்ததும் சிங்கிக்கு முதலில் நன்மையாயிற்று. அதே வெப்பம் மேலும் உயர்ந்த தெற்குக் கரைகளில் சிங்கித்தொழில் நலிந்துவிட்டது. 2016க்குப் பிறகு மெய்னிலும் பாடு குறைந்துள்ளது. வாலில் வெட்டுப்பட்ட தாயை மீனவர் விட்டுவிடலாம். அது விடப்படும் நீரின் வெப்பம் அவர் கையில் இல்லை.

நம் நாட்டிலும் 2003இல் ஏற்றுமதிக்குரிய சிங்கிகளுக்குக் குறைந்த அளவு எடை விதிக்கப்பட்டது. குமரிக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இனத்துக்கு அது 200 கிராம். அவ்விதி ஏற்றுமதியைத்தான் கட்டுப்படுத்தும். கூட்டுக்குள் கை விடுபவரைக் கட்டுப்படுத்தாது.

ஐந்தாம் நாள் காலை மழை விட்டிருந்தது. ஸ்டோனிங்டனில் தூண்டில், கயிறு, மழையங்கி எல்லாம் விற்கும் கடை ஒன்றுக்குப் பெரியவர் பேரனை அழைத்துச் சென்றார். பித்தளை அளவுகோல் இரண்டு வாங்கினார். ஒன்றைப் பேரனிடம் கொடுத்தார்.

“இன்னொன்று யாருக்கு?”

“உன் சின்னத் தாத்தாவின் மகனுக்கு. குளச்சலில் அவன் இன்னும் சிங்கிக்குக் கூடு போடுகிறான்.”

பேரன் அளவுகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது கொடுக்கு உள்ள சிங்கிக்கான அளவு, தாத்தா. நம் ஊர்ச் சிங்கிக்குப் பொருந்தாதே?”

“பொருந்தாதுதான்” என்றார் பெரியவர். வண்டிக்குத் திரும்பியதும் அதனை வேட்டி மடிப்புக்குள் வைத்துப் பெட்டியின் அடியில் செருகினார். மருமகன் மின் இணைப்பைப் பிடுங்கிச் சுருட்டினார். வண்டி தொங்குபாலத்தில் ஏறியபோது, தொட்டியில் கழுவாமல் விட்ட மண்சட்டி சரிந்து உருண்டது. துணைவியார் எழுந்து சென்று, அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார்.